குழாயடிச் சுவரில் ஆச்சி

நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் குழாயடிச் சுவருக்கு மூன்றாம் தடவையாகப் பெயின்ட் பூசினோம். மழையில் கீழ்ப்பக்கம் பாசி பிடித்து, அதில் நாங்கள் கீறியிருந்த ஆச்சியின் படத்தில் சேலைக் கரை உரிந்துபோயிருந்தது. காலை ஏழு மணிக்கே பிள்ளைகள் கம்பி பிரஷ்ஷோடு வந்து நின்றார்கள். வேலை முடிந்து கை கழுவும்போது, வீட்டுக்கு வந்திருந்த அத்தான் கேட்டார்: "சுவர்ல படம் கீறினா ஊர் மாறுமா?" அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த இடத்தில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கொழும்பில் தோட்டம் என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் வரிசை. எங்களுடையது கொட்டாஞ்சேனையில். முப்பத்தைந்து வீடு, ஒரு பொதுக் குழாய். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து இருக்கிறோம். கலந்து இருந்தால் எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகாமல் பத்து வருடம் இருந்திருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்கு நடந்து போகிற தூரம். குண்டு வெடித்த சத்தம் எங்கள் தகரக் கூரைகளை உலுப்பியது. அதன் பிறகு பல மாதம் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் குழாயடிக்குத் தனியாக வரவில்லை.

குழாய்க்குப் பின்னால் ஒரு பழைய களஞ்சியத்தின் பின்சுவர். இருபது அடிக்கு மேல் நீளம். அதன் மூலைதான் எல்லாருடைய குப்பை மூலை. 2018இல் ஒரு நிறுவனம் அந்தச் சுவரை அழகுபடுத்த வந்தது. இரண்டே நாளில் மயில், யானை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் கீறி, ஒரு பக்கத்தில் தங்கள் சின்னத்தைப் பெரிதாகப் போட்டு, எங்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே மூன்று மொழியில் 'ஒற்றுமையே பலம்' என்று எழுதியிருந்தது. தமிழில் 'பளம்'. கொழும்பில் பஸ் தரிப்பிடத்தில் இருந்து காரியாலயப் பலகை வரை இந்தக் காயம் எங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் எங்கள் வீட்டு வாசலில், ஒற்றுமையைப் பற்றிய வரியிலேயே அதைப் பார்த்தபோது நெஞ்சில் குத்தியது. எழுதுவதற்கு முன் எங்களில் ஒரு பிள்ளையிடம் வாசித்துக் காட்டியிருந்தால் போதும். மூன்று மாதத்தில் யானையின் மேல் டியூஷன் சுவரொட்டி ஏறியது. ஆறு மாதத்தில் வண்ணத்துப்பூச்சிக்குக் கீழே பழையபடி குப்பைப் பைகள். எங்களில் ஒருவருக்கும் அது மனவருத்தமாக இருக்கவில்லை. அந்தப் படம் எங்களுடையது என்று யாரும் நினைத்திருந்தால்தானே வருந்துவதற்கு?

2021 ஜனவரியில் எங்கள் இடியப்ப ஆச்சி கொரோனாவில் இறந்தார். 83 இனக்கலவரத்தில் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அடுத்த வருடமே திரும்பி இதே குழாயடிக்கு வந்தவர். முப்பத்தைந்து வீட்டுக்கும் காலைச் சாப்பாடு அவர் கையால்தான். கடைசியில் அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, உடல் வீட்டுக்கு வரவில்லை, செத்தவீடு நடக்கவில்லை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆக வேண்டும் என்று கட்டளை இருந்த காலம் அது. அந்த வருடம் பெப்ரவரி கடைசியில்தான் அதை மாற்றினார்கள். ஆச்சி போன அதே வாரம் எதிர்வீட்டு நானாவின் வாப்பாவும் போனார். அடக்க விடவில்லை. ஆச்சியின் மகனும் நானாவும் இரண்டு வாசலில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

2023 தைப்பொங்கல் முடிந்து, பின்னேரப் பாடத்துக்கு என்னிடம் வருகிற பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "மிஸ், குழாயடிச் சுவர்ல ஆச்சியக் கீறுவமா?"

கீறலாம், ஆனால் ஆச்சியின் நல்ல போட்டோ ஒன்றும் இல்லை. அடையாள அட்டைப் படமும், யாருடையதோ கல்யாண வீட்டில் பின்வரிசையில் பாதி மறைந்த முகமும்தான் இருந்தன. அதனால் பிள்ளைகள் கொப்பியோடு வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். தலையில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு கையை இடுப்பில் ஊன்றுவார் என்றார் ஒருவர். முந்தானை முடிச்சில் சில்லறை இருக்கும் என்றார் இன்னொருவர். கோடி வீட்டுச் சிங்கள அக்கா, மடியில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும் என்று சொல்லிவிட்டு அழுதார். நானா சொன்னது எனக்கே தெரியாத கதை: கடன் கணக்கை ஆச்சி கரிக்கட்டியால் தன் கதவின் உள்பக்கம் எழுதி வைப்பாராம். நோன்பு மாதம் வந்தால் அவர்கள் வீட்டுக் கணக்கை மட்டும் அழித்துவிடுவாராம். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் இப்படியே நான்கு வாரம் போனது. நடக்காமல் போன செத்தவீடுதான் அந்த நான்கு வாரமும் நடந்தது என்று இப்போது நினைக்கிறேன். வாப்பாவைப் பற்றியும் அப்போதுதான் எல்லாரும் வாய் திறந்து கதைத்தார்கள்.

பெயர் எழுதும்போது சண்டை வந்தது. தமிழ் மேலே வர வேண்டும் என்றார் ஒரு மாமா. அப்படியென்றால் எங்களுக்கு இந்த வேலையே வேண்டாம் என்றார் இன்னொரு வீட்டுக்காரர். இரண்டு நாள் வேலை நின்றது. பிறகு பதினொரு வயதுப் பொடியன் ஒருவன் சொன்னான்: "ஆச்சி எண்டா ரெண்டு பாஷையிலயும் ஆச்சிதானே." உண்மைதான். சிங்களத்திலும் பாட்டிக்கு ஆச்சி என்றே சொல்வார்கள். இரண்டு எழுத்திலும் ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்.

குப்பை நின்றதா என்று அத்தான் கேட்டார். ஆம், நின்றது. ஆனால் படத்தைப் பார்த்துப் பயந்து நிற்கவில்லை. சில சுவர்களில் சாமிப் படம் பதித்த ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள், யாரும் அசிங்கம் பண்ணக் கூடாது என்று. அது பயத்தால் நடக்கிறது, அடுத்த சுவரில் அசிங்கம் தொடர்கிறது. எங்கள் மூலையில் நடந்தது வேறு. அந்த நான்கு வாரம் கூடிக் கதைத்த பழக்கத்தில் குப்பை லொறி வருகிற நேரத்தையும் கதைத்தோம், வேலைக்குப் போகிற வீடுகளின் பையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் முறை வைத்தோம். இன்னும் ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு வீடு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நேற்று அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஏணியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தெருவில் கலை என்பது இந்த ஊருக்குப் புதிது இல்லை. செட்டியார் தெருவில் இருந்து ஆடிவேல் தேர் புறப்படுவதும், வெசாக்கில் மின்குமிழ் ஓடும் தோரணங்களுக்கு முன்னால் எல்லாச் சாதி சனமும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பதும் அதுதானே. பொரளை கோதமி விகாரையில் 1939–40இல் ஓவியர் ஜோர்ஜ் கீட் தீட்டிய சுவரோவியங்களைக் காசு கொடுக்காமல் யாரும் போய்ப் பார்க்கலாம். நான் ஒரு பௌத்தர் இல்லை. ஆனாலும் அந்தச் சுவர்களுக்கு முன்னால் அரை மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வந்தால் மனம் இலேசாகிவிடும்.

ஆனால் சுவர் ஆளை வெளியே தள்ளவும் செய்யும். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் படம் கீற இறங்கினார்கள். பலர் சொந்தக் காசில், வெயிலில் நின்று செய்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய அரசர்கள், சிங்கம், போர்வீரர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடியபோது, நான் பிறந்த ஊரில் எனக்கு ஒரு முழம் சுவர்கூட இல்லை என்று தோன்றியது. அது கோபமாகக்கூட வரவில்லை, ஒரு களைப்பாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம்கூட ஆகவில்லை, 2022இல் காலிமுகத்திடல். ஜனாதிபதி கோட்டாபய போக வேண்டும் என்று சனம் அங்கே அமைத்த போராட்டக் கிராமமான கோட்டா கோ கமவில் நூலகம் வந்தது, ஓவியக் கூடாரம் வந்தது, கூத்தும் பாட்டும் வந்தன. பண்டாரநாயக்கவின் சிலைக்கு யாரோ துணியால் கண்ணைக் கட்டிவிட்டிருந்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். அந்தச் சட்டத்தால் அரச வேலையை இழந்த தாத்தாவின் பேத்தி நான். கண்கட்டிய சிலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். மே 18 அன்று அதே திடலில், 2009இல் போரின் கடைசி நாட்களில் கொல்லப்பட்ட தமிழ்ச் சனங்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சி கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்பிள்ளை கையில் சிரட்டையோடு, "இதில் ஏன் உப்புக்கூட இல்லை அக்கே?" என்று கேட்டாள். அந்தக் கடைசி நாட்களில் சனங்களுக்குச் சாப்பிட இருந்தது இந்தக் கஞ்சிதான் என்று சொன்னேன். அவள் முழுவதையும் குடித்தாள். ஜூலை 22 விடியப்புறம் படையினர் வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலை யாரால் பிய்க்க முடியும்?

எது நிலைக்கிறது, எது போய்விடுகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எம்பிலிப்பிட்டியில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களுக்காக ஜகத் வீரசிங்க வடிவமைத்த நினைவிடம் 1999இல் பாராளுமன்றப் பக்கத்தில் எழுந்தது. இன்று அது இல்லை, இடித்துவிட்டார்கள். சீதுவை ரத்தொலுவச் சந்தியில் சந்திரகுப்த தேனுவர 2000இல் அமைத்த, காணாமலாக்கப்பட்டோரின் முகங்கள் பதித்த நினைவுச்சுவர் இன்னும் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் குடும்பங்கள் பூவோடு வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவில் இடித்தார்கள். மாணவர்கள் வாசலை விட்டு அசையவில்லை, மூன்று நாளில் புது அடிக்கல் வைக்க வேண்டி வந்தது. கல்லையும் சீமெந்தையும் காத்தது இந்த ஆட்கள்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது தேடி வர ஆட்கள் இல்லாத சிலை, அடுத்த அபிவிருத்தித் திட்டத்தோடு போய்விடும்.

எங்கள் ஊரிலேயே இதை விளங்கிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கொம்பனித்தெருவில் வீடுகள் உடைபட்டு மாடிகள் எழுந்துகொண்டிருந்தபோது, அந்தத் தெருவிலேயே வளர்ந்த ஓவியர் ஃபிரி ரஹ்மானும் நண்பர்களும் 'வீ ஆர் ஃப்ரொம் ஹியர்' என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். நாங்கள் இந்த இடத்து ஆட்கள் என்று அர்த்தம். அங்கே வாழ்கிறவர்களின் முகங்களையும் கதைகளையும் அந்தத் தெருவுக்கே கொடுத்தார்கள். கீறியவரைக் கேட்டால், யாருடைய முகம், எந்த வீடு என்று சொல்வார். சென்னை கண்ணகி நகரிலும் 2020 வாக்கில் குடியிருப்புச் சுவர்கள் முழுக்க வண்ணமாயின. ஆற்றங்கரைகளில் இருந்து கொண்டுபோய் விடப்பட்ட சனங்களின் இடம் அது. வெளியாட்கள் அந்தப் பெயரைக் கேட்டு ஒதுங்கிய காலம் போய், படம் பார்க்கத் தேடி வந்தார்கள். நல்லதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் வருகிறதா, பஸ் வருகிறதா என்பதைச் சுவர் தீர்க்காது. அதைக் கேட்கிற தைரியத்தை வேண்டுமானால் கொடுக்கும்.

அதனால் சுவருக்குக் காசு கொடுக்கிற பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான். பெயின்டுக்குக் கொடுக்கிற காசில் பாதியை, கீறுவதற்கு முந்திய நான்கு வாரத் தேத்தண்ணிக்குக் கொடுங்கள். அடுத்தடுத்த வருடம் பாசி கழுவவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இந்தக் கடல்காற்றில் எந்தப் படமும் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. தமிழில் எழுதினால் அந்தத் தெருவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் தோட்டங்களில் இருந்து எழுப்பி மாடிகளுக்கு அனுப்பிய சனங்களின் படிக்கட்டுச் சுவர்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்தச் சனங்களுக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆச்சி இருந்திருப்பார்.

அத்தான், நேற்று பூசியதில் மஞ்சளும் நீலமும் மிச்சம் இருக்கிறது, வெளிச்சுவர்ப் பெயின்ட்தான். பிள்ளைகள் அடுத்த சுவர் எது என்று இன்று பாடத்திலும் கேட்டார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் சுவர் தரக்கூடியவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் நானே வந்து கதைக்கிறேன்.