பவுண்டுக்கு ஒரு சென்ட்

அறவழிப் போராட்டம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நியாயம் கேட்பது, எதிராளி மனம் இரங்கும்வரை காத்துக் கிடப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பேசுபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஃப்ளோரிடா தக்காளிப் பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றித்தான். அவர்கள் ஒரு கல்லைக்கூடக் கையில் எடுக்கவில்லை. யாருடைய இரக்கத்துக்காகவும் காத்திருக்கவும் இல்லை.

தெற்கு ஃப்ளோரிடாவில் இம்மோகலீ என்றொரு சிற்றூர். குளிர்காலத்தில் அமெரிக்க மண்ணில் விளையும் தக்காளியில் பெரும்பங்கு அந்த மாநில வயல்களிலிருந்து வருவது. பறிப்பவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைட்டி நாடுகளிலிருந்து வந்தவர்கள். பருவம் முடிந்ததும் அடுத்த மாநிலம், அடுத்த பயிர் என்று வடக்கே கிளம்பிவிடுவார்கள். விடியும் முன்பே ஒரு வாகன நிறுத்தத்தில் கூடி நிற்பார்கள். கங்காணிகள் பழைய பள்ளிப் பேருந்துகளோடு வருவார்கள். இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அங்கேயே தீர்மானமாகிவிடும். வயலுக்குப் போய் இறங்கினாலும் செடியின் பனி ஈரம் காயும்வரை பறிக்க முடியாது. 2010க்கு முன்பு அந்த மணிநேரங்களுக்குக் கூலி கிடையாது.

அப்போது அங்கே எல்லாவற்றுக்கும் அளவு ஒரு பிளாஸ்டிக் வாளி. 32 பவுண்ட் பிடிக்கும், அதாவது சுமார் பதினாலரை கிலோ. குனிந்தபடியே பறித்து நிரப்பி, தோளில் ஏற்றி, லாரிக்கு ஓடி, மேலே நிற்பவர் கைக்கு எட்டும்படி தூக்கி வீசினால் ஒரு டோக்கன். அதன் மதிப்பு 40, 45 சென்ட். 1980களிலிருந்து ஏறக்குறைய அசையாத கூலி அது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை எட்ட வேண்டுமானால் ஒருவர் ஒரே நாளில் இரண்டு டன்னுக்கு மேல் பறித்தாக வேண்டியிருந்தது. வாளி விளிம்புவரை நிரம்பினாலும் போதாது, மேலே கோபுரமாகக் குவிந்திருக்க வேண்டும். அந்தக் கோபுரத்துக்குக் காசு இல்லை. குவியல் குறைந்தால் வாளியே கணக்கில் சேராது.

1993இல் இவர்கள் சங்கமாகக் கூடத் தொடங்கினார்கள். 'இம்மோகலீ தொழிலாளர் கூட்டமைப்பு' அப்படிப் பிறந்ததுதான். 1996இல் வேலைக்கு நடுவே தண்ணீர் குடிக்கப் போன ஒரு பதின்ம வயதுப் பையனை கங்காணி ரத்தம் வர அடித்துவிட்டார். அன்றிரவே நூற்றுக்கணக்கானவர்கள் அந்த ரத்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கங்காணியின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஒருவனை அடித்தால் எங்கள் எல்லோரையும் அடித்த மாதிரி என்பதுதான் முழக்கம். மறுநாள் காலை அவருடைய பேருந்து வந்து நின்றபோது ஏற ஆளில்லை. ஆள் ஏறாத பேருந்தை வைத்துக்கொண்டு ஒரு கங்காணி என்ன செய்துவிட முடியும்? அவர் வீட்டு ஜன்னலை உடைத்திருந்தால் போலீஸ் வந்திருக்கும், கதை அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனாலும் கூலி பெரிதாக நகரவில்லை. 1995, 1997, 1999 என்று வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1997 டிசம்பரில் ஆறு பேர் 30 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது, எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்பது மட்டும்தான். பண்ணையை எப்படி நடத்துவது என்று டிராக்டர் விவசாயிக்குச் சொல்வதில்லை என்று ஒரு பண்ணை முதலாளி பதில் சொன்னதாக இந்தத் தொழிலாளர்கள் இன்றும் சொல்வார்கள். பசித்துக் கிடந்த ஆறு பேர் அந்த முதலாளியின் கண்ணுக்கு இயந்திரங்கள்.

இந்த இடத்தில்தான் இவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை. முதலாளியின் கல்நெஞ்சைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்துவிடவில்லை. தக்காளியின் விலையை யார் வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் பர்கர் கடை நிறுவனங்களும் பல்பொருள் அங்காடிகளும் மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையை அடித்து இறக்குகின்றன. பண்ணைக்காரர் அந்த நஷ்டத்தைப் பறிப்பவர் தலையில் கட்டுகிறார். முடிச்சு வயலில் இல்லை, தலைமை அலுவலகங்களில் இருக்கிறது. 2001இல் டாக்கோ பெல் என்ற துரித உணவு நிறுவனத்துக்கு எதிராகப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். கோரிக்கை, தக்காளிக்குப் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, அந்த சென்ட் பறித்தவர் கைக்குப் போகட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வாளிக்கு 32 சென்ட். 45 சென்ட் வாங்குபவருக்கு அது சிறிய தொகையா?

இந்த வழிக்கு ஒரு முன்னோடி உண்டு. 1965 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டெலானோவில், லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து சீசர் சாவேஸும் டொலோரஸ் ஹுவெர்ட்டாவும் அமைத்திருந்த மெக்சிகத் தொழிலாளர் சங்கம் சேர்ந்துகொண்டது. (பிலிப்பினோக்கள்தான் முதலில் இறங்கினார்கள் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.) ஐந்து ஆண்டு இழுத்த போராட்டம் அது. தோட்டத்தில் மறியல் செய்தால் கருங்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நகரங்களில் மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்திய பிறகுதான் 1970இல் டெலானோ முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

இதில் ஒரு சட்டச் சங்கதியும் இருக்கிறது. தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் அந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1947இல் வந்த திருத்தம், முதலாளியோடு வியாபாரம் செய்யும் மூன்றாம் நிறுவனத்துக்கு எதிராகச் சங்கங்கள் புறக்கணிப்பு நடத்துவதைத் தடை செய்தது. விவசாயத் தொழிலாளர்கள் அந்தச் சட்டத்துக்கே வெளியில் இருந்ததால் தடையும் அவர்களைத் தொடவில்லை. பாதுகாப்பு இல்லாமல் வெளியே தள்ளப்பட்ட அதே இடத்தில் நின்றுதான் அவர்கள் புறக்கணிப்பை ஆயுதமாக எடுத்தார்கள்.

டாக்கோ பெல்லுக்கு எதிரான போராட்டத்தைக் கல்லூரி மாணவர்கள் தோளில் சுமந்தார்கள். பல வளாகங்களில் அந்தக் கடையே மூடப்பட்டது, அல்லது உள்ளே வர விடவில்லை. 2003இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் இருந்த அதன் தலைமை அலுவலகத்தின் முன்னால் தொழிலாளர்களும் மாணவர்களும் பத்து நாள் பட்டினி கிடந்தார்கள். 2005 மார்ச்சில் நிறுவனம் இறங்கி வந்தது. 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2008இல் பர்கர் கிங். உடனே பண்ணை முதலாளிகளின் சங்கம் குறுக்கே வந்து விழுந்தது. அந்த ஒரு சென்ட்டைத் தொழிலாளர்களுக்குக் கொண்டுசேர்க்கும் உறுப்பினருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் என்று மிரட்டியது. தங்கள் பையிலிருந்து போகாத காசுக்கே அந்த ஆத்திரம்! 2010 நவம்பரில் அந்தச் சங்கமும் ஒப்பந்தத்துக்கு வந்தது.

காசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள்தான். கோபுரம் ஒழிந்தது. வயலில் இறங்கும் நேரத்திலிருந்து வேலை நேரம் கணக்கில் ஏறுகிறது. நிழலும் குடிதண்ணீரும் கட்டாயம். 24 மணிநேரமும் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். பாலியல் வன்முறையோ கொத்தடிமையோ நிரூபணமாகி, பண்ணை அதைச் சரிசெய்யாவிட்டால், ஒப்பந்தத்தில் இருக்கும் நிறுவனங்கள் அங்கே வாங்குவதை நிறுத்தியாக வேண்டும். கொத்தடிமை என்று நான் மிகைப்படுத்தவில்லை. இம்மோகலீயில் தொழிலாளர்களை ராத்திரி லாரிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த சகோதரர்கள் இருவருக்கு 2008இல் தலா 12 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. தண்டனை குற்றம் நடந்த பின்னால் வருவது. வியாபாரம் போய்விடும் என்ற பயம் முன்கூட்டியே கங்காணியின் கையைப் பிடிக்கிறது.

இதைச் சொன்னால், நல்ல முத்திரை ஒட்டிய பொருளாகப் பார்த்து வாங்கினால் போதுமே என்கிறார்கள் சில நண்பர்கள். போதாது. நிறுவனங்கள் தாங்களே எழுதிக்கொள்ளும் நன்னடத்தை விதிகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அவற்றில் தொழிலாளியின் குரல் இருக்காது, மீறினால் என்ன ஆகும் என்பதும் இருக்காது. விதியை எழுதும் மேஜையில் பறிப்பவரே உட்கார்ந்திருந்ததுதான் இம்மோகலீயின் வித்தியாசம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் பண்ணைகள் ஏராளம். பருவகால விசாவில் வருபவர் ஒரே முதலாளியோடு கட்டிப்போடப்படுகிறார், வாய் திறந்தால் வேலையோடு விசாவும் போய்விடும். 2024இல் ஃப்ளோரிடா அரசு, வெயிலில் வேலை செய்வோருக்கு உள்ளாட்சிகள் தனிப் பாதுகாப்பு விதி போடக்கூடாது என்றே சட்டம் கொண்டுவந்தது. நிழல் கேட்பதைத் தடுக்க ஒரு சட்டம் என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

வெண்டீஸ் என்ற பர்கர் கடை நிறுவனம் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆண்டுக்கணக்காக மறுத்துவருகிறது. 2016இலிருந்து அதன்மீது புறக்கணிப்பு நடக்கிறது. நாங்கள் பசுமைக்குடில் தக்காளிக்கு மாறிவிட்டோம் என்று பதில் சொல்கிறார்கள். பசுமைக்குடிலிலும் பறிப்பது மனிதக் கைதானே? அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, அவர்கள் கையெழுத்துப் போடும்வரை அந்தக் கடைக்குப் போகாதீர்கள். சும்மா போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். ஏன் வரவில்லை என்று கடை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.