மெய்க்காவல் படை யாரிடமிருந்து காக்கிறது?

சர்வாதிகாரியின் மெய்க்காவல் படை என்றதும் தோட்டாவுக்குக் குறுக்கே பாயும் ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அது பாதி வேலைதான். இந்தப் படைகளுக்குப் பெரும்பாலும் முதல் எதிரி சொந்த நாட்டு ராணுவம். அதனால்தான் தனிச் சம்பளம், தனி ஆயுதக் கிடங்கு, தலைவரிடம் மட்டும் பதில் சொல்லும் தளபதி. ஆட்சியைக் கவிழ்க்கவும் இவையேதான் வேண்டும்.

1960 டிசம்பரில் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி பிரேசிலில் இருந்தபோது அடிஸ் அபாபாவைக் கைப்பற்றியவர் அவருடைய மெய்க்காவல் படைத் தளபதி மெங்கிஸ்து நெவாய். ராணுவம் பேரரசர் பக்கம் நின்றதால் சில நாளில் அந்தச் சதி முறியடிக்கப்பட்டது. கானாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதிபர் நக்ருமா தன் காவல் ரெஜிமென்ட்டைச் செல்லமாக வளர்த்தார். புறக்கணிக்கப்பட்ட ராணுவம் 1966 பிப்ரவரி 24 அன்று அவரைக் கவிழ்த்தது.

சதாம் உசேனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். குடியரசுக் காவல் படை அதிகாரிகள் ஒத்துழைத்ததால்தான் 1968ல் ஈராக்கில் அவருடைய பாத் கட்சியே ஆட்சிக்கு வந்தது. ஆகவே அதே படையை பாக்தாத்துக்கு வெளியே நிறுத்தினார். நகருக்குள் சிறப்புக் குடியரசுக் காவல் படை மட்டும். உடலை ஒட்டி நிற்பவர்கள் அவருடைய சொந்த ஊர்ப் பக்கமான திக்ரித் வட்டாரத்து உறவினர்கள். ஒரு படையை இன்னொன்று வேவு பார்க்கும். சதிக்கு இது நல்ல பூட்டு, போருக்கு உதவாது. ஒன்றோடொன்று பேசக்கூடாத படைகளால் 2003ல் அமெரிக்கப் படையெடுப்பின்போது தலைநகரைச் சேர்ந்து காக்க முடியவில்லை.

விசுவாசத்தைப் பயத்தால் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாலினின் கடைசி நாட்களைப் பாருங்கள். பல ஆண்டுகள் காவலுக்குத் தலைமை தாங்கிய விளாசிக்கை 1952 டிசம்பரில் கைது செய்தாயிற்று. 1953 மார்ச் 1 அன்று பகல் முழுக்க ஸ்டாலின் அறையில் அசைவே இல்லை. மாலையில் விளக்கு எரிந்தது. அப்போதும் கூப்பிடாமல் உள்ளே போக யாருக்கும் துணிவில்லை. இரவில்தான், வந்த தபாலைச் சாக்காக வைத்து ஒரு காவலர் போனார். ஸ்டாலின் தரையில் கிடந்தார், பேச்சு இல்லை. மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலை. என்னைப் பொறுத்தவரை, எந்தக் கொலையாளியையும்விட அந்தத் தயக்கம்தான் அவருக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது.

தலைவர் போன பிறகும் இந்தப் படைகளை விட்டுவைப்பதுதான் பெரிய தவறு என்பேன். புர்கினா பாசோவில் 2014ல் அதிபர் கம்போரே ஓடிவிட்டார். சுமார் 1,300 பேர் கொண்ட அவருடைய பாதுகாப்பு ரெஜிமென்ட் அப்படியே இருந்தது. 2015 செப்டம்பரில் அதுவே இடைக்கால அதிபரைச் சிறைபிடித்தது. தலைமை தாங்கியவர் கம்போரேயின் வலது கை தியந்தெரே. ஒரு வாரத்தில் சதி தோற்று, படையைக் கலைக்க ஆணை வந்தது. ஆயுதத்தை ஒப்படைக்க மறுத்தார்கள். கடைசியில் ராணுவமே அந்த முகாமைத் தாக்க வேண்டியிருந்தது.