இரவு இரண்டு மணி அழைப்பு

செயலியில் முளைத்த காதல் ஒரு கஷ்டம் வந்தால் காணாமல் போய்விடும் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கஷ்டத்தில் கூட நின்றவனை உடனே தெய்வமாக்கிவிடுபவர்களோடும் உண்டு. இரண்டு பேச்சையும் ஒரே தோழியின் விஷயத்தில் கேட்டுவிட்டேன்.

டேட்டிங் செயலியில் அறிமுகம். இரண்டு மாதம் குறுஞ்செய்தி, இரண்டே முறை நேரில் சந்திப்பு. மூன்றாவது சந்திப்புக்கு நாள் குறித்திருந்தபோது அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. இவள் ஒரே மகள்.

அதன் பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் "பிறகு பேசுகிறேன்" மட்டும்தான். விலகப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பதிலுக்குப் பக்கம் பக்கமாக உருகி எழுதினான். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றபடி அதைப் படித்தவள், "எனக்குக் கவிதை வேண்டாம், தூக்கம்தான் வேண்டும்" என்று எரிந்து விழுந்தாள். அதுவரை அவன் அவளுடைய கோபத்தைப் பார்த்ததே இல்லை.

ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-இலேயே, இன்றைய செயலிகள் எதுவும் இல்லாத காலத்தில், இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்தில் பழகும்போது யோசித்து, அழித்து, திருத்தி, நம்மில் நல்லதை மட்டும் அனுப்புகிறோம். படிப்பவர் மிச்சத்தைத் தன் ஆசையால் நிரப்பிக்கொள்கிறார். அதனால் நேரில் பழகுவதைவிட நெருக்கம் கூடிவிடவும் செய்கிறது. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சந்திப்புக்குத் தலை வாராமல் யார் போகிறார்கள்? ஆனால் அழித்து எழுத நேரமே கிடைக்காத ஒரு நாள் வருகிறது. அன்றைக்குத்தான் இருவரும் நிஜமாக அறிமுகமாகிறார்கள்.

அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே வரிதான் அனுப்பினான்: "இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய்?" படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அலாரம் அடித்தும் எழ முடியாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இரவு இரண்டு மணி முறைக்கு அவன் அழைக்கத் தொடங்கினான். "எழுந்துவிட்டாயா?" "ம்." அவ்வளவுதான், வைத்துவிடுவான். தூக்கம் கலையாத, கரகரத்த குரல். அந்தக் குரலில் அவன் தன்னை அழகுபடுத்திக்கொள்ள ஒன்றுமில்லை.

இதற்காக அவனுக்கு மாலை போடத் தேவையில்லை. இரண்டு மாதப் பழக்கத்தில் ஒருவன், "இது என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் அவனைத் துரோகி என்று நான் திட்டியிருக்க மாட்டேன். சின்னப் பழக்கத்தின் மேல் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. நான் வேலையை இழந்திருந்த சமயத்தில், அப்படி அறிமுகமான ஒருவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மறைந்துபோனார். போனது இன்று வலிக்கவில்லை. "நான் என்ன தவறாகச் சொன்னேன்" என்று பழைய செய்திகளை மேலும் கீழும் தள்ளிப் படித்துக்கொண்டிருந்த இரவுகள்தான் இன்னும் வலிக்கின்றன.

தோழியின் காதல் கல்யாணத்தில் முடியுமா என்று அவளுக்கே தெரியாது. போன வாரம்கூட ஏதோ அற்ப விஷயத்துக்குச் சண்டை. இரவு இரண்டு மணிக்கு அலாரம்தான் அடித்ததாம். அம்மா அவளைப் பார்த்து, குழறலாக, "அந்தப் பையன் கூப்பிடவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.