ஒட்டுக்கு மேல் ஒட்டு

உவரிப் பக்கத்து உப்புக் காற்றிலேயே காலம் கழித்த பழைய மகேந்திரா ஜீப். மேலே பார்த்தால் புது மாப்பிள்ளை. கீழே குனிந்தால் சேஸ், அதாவது வண்டியையே தாங்கும் அடிச்சட்டம், பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. துருவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு வைத்தியம் சொல்கிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் போதும் அண்ணாச்சி" என்கிறார் பட்டறைக்காரர். எதன் மேல் பற்றவைப்பது? திருப்புளியால் குத்தினாலே ஓட்டை விழுகிற இரும்பில் வெல்டிங் எப்படி நிற்கும்? நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு வைக்க வேண்டும். அதற்குமுன் பெட்ரோல் டேங்கையும் வயரிங்கையும் கழற்ற வேண்டும், முடிந்தால் பாடியையே தூக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிடுகிறது. இவருக்கு முன்னால் எவரோ ஒரு புண்ணியவான் துருவைச் சுரண்டாமலேயே கறுப்புப் பெயிண்டை அப்பி, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறார்.

சரி, சேஸையே மாற்றலாம் என்றால் அது பெரிய கூத்து. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸ் எண் அந்த இரும்பில்தான் பொறித்திருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. முறையாக அனுமதி வாங்க அலைய வேண்டும். இதில் டீக்கடையில் ஒருவர், "பழைய எண்ணை வெட்டிப் புதுச் சேஸில் ஒட்டிவிடுங்கள்" என்று யோசனை சொல்கிறார். ஜெயிலுக்கு யார் போவது, அவரா?

பழைய இரும்புக் கடைக்காரர் வேறு, தெருவில் போகும்போதெல்லாம் நின்று எடை விசாரிக்கிறார்.