பிரே ஏரித் தண்ணீர் அப்படியே குழாய்க்கு வருவதில்லை

சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று பிரே. "லோசான் நகரத்தார் பிரே ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள், சுத்திகரிப்பே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரியல்ல. ஏரி சின்னது, சுற்றிலும் வயல்களும் மேய்ச்சல் நிலமும்தான். மழை பெய்தால் உரமும் மண்ணும் சேர்ந்தே இறங்கும். அதனால்தான் அதைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள், ஏரியில் குளிக்கவும் தடை.

இது முழுக்க இயற்கையாக நிறைந்த ஏரியும் அல்ல. கிரனே என்ற ஓடையின் நீரையும் இதற்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ரைன் ஆற்றின் பக்கம் போக வேண்டிய தண்ணீர் அது! ஏரியில் சேர்ந்தபின் ஃபோரெஸ்டே ஓடை வழியாக ஜெனீவா ஏரிக்கு இறங்குகிறது. அப்புறம் இன்னொன்று: 1877இல் ஓடத் தொடங்கிய லோசான் நகரையும் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள ஊஷியையும் இணைத்த கேபிள் ரயிலை இழுத்ததும் பிரே தண்ணீரின் விசைதான். ஆனால் லோசானின் குடிநீர் முழுதும் பிரேயிலிருந்து வருவதல்ல; பெரும்பங்கு ஜெனீவா ஏரியிலிருந்து வருகிறது.