யாராவது ஒருத்தர் விசாரித்திருக்கலாம்

போன வாரம் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அக்கா மகனுக்கு ஏழு வயது. முதல் நாள் ராத்திரி அவனோடு உட்கார்ந்து தி இன்க்ரெடிபிள்ஸ் முதல் பாகம் பார்த்தேன், மறுநாள் ராத்திரி இரண்டாம் பாகம். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. "அந்த வெள்ளை முடி அக்கா எங்க மாமா?" என்றான்.

மிராஜைக் கேட்கிறான். படம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் சிண்ட்ரோம் என்கிற வில்லனிடம் வேலை பார்ப்பவள் அவள். கதாநாயகன் பாப் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டும்போது, சிண்ட்ரோம் பதறவே மாட்டான், முடிந்தால் கொன்று பார் என்கிற மாதிரி நிற்பான். தன் உயிருக்கு அவன் வைத்திருக்கும் மதிப்பு என்ன என்று அந்த நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் அவளேதான் வந்து பாபை விடுவிக்கிறாள், உன் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறாள், தீவிலிருந்து அவர்கள் ராக்கெட்டில் கிளம்பவும் கைகொடுக்கிறாள். அதோடு சரி. படம் முடிகிறவரை ஆளைக் காணோம். இரண்டாம் பாகத்திலும் இல்லை. பையன் அந்தப் படம் முழுக்க அவள் வருவாள் வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

"வேற ஊருக்குப் போயிருப்பாங்கடா" என்றேன்.

"போகட்டும் மாமா. ஆனா யாருமே கேக்கலையே."

அவன் தூங்கப் போய்விட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கார்ட்டூன் படங்களில் அந்தரத்தில் நிற்கும் கதைகள், பாதியில் காணாமல் போகும் பாத்திரங்கள் பற்றி நானும் பல வருடமாக நண்பர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். எது சரி, எது தப்பு என்று பிரிக்கத் தெரியாமலே பேசியிருக்கிறேன். அந்தப் பையன் ஒரே வரியில் பிரித்துவிட்டான். ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் படம் முடியலாம். ஒரு ஆள் திரும்பி வராமலே போகலாம். ஆனால் கூட இருந்தவர்களில் ஒருத்தராவது அந்த ஆளை விசாரிக்க வேண்டாமா?

எங்கள் பாட்டி கடிதம் எழுதச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்லேண்டில் எழுதிய காலம் உண்டு. பாதிக் கடிதம் விசாரிப்பாகவே போகும். சின்னவனுக்கு இருமல் நின்றதா, மாடி வீட்டம்மா ஊரிலிருந்து வந்தாயிற்றா, எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மடித்து ஒட்டிய பிறகும் ஒரு பெயர் விட்டுப்போனது ஞாபகம் வந்துவிடும். ஓரத்தில் இடம் தேடிப் பொடி எழுத்தில் எழுதச் சொல்வார். பதில் வருகிறதா இல்லையா என்பது வேறு விஷயம், பெயர் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு டாய் ஸ்டோரி மூன்றாம் பாகத்தை (2010) பாருங்கள். போ பீப் என்கிற பீங்கான் பொம்மை முதல் இரண்டு பாகத்திலும் இருப்பவள், கதாநாயகப் பொம்மை வுட்டிக்குப் பிரியமானவள். மூன்றாம் பாகத்தில் அவள் இல்லை. பொம்மைகளுக்குச் சொந்தக்காரப் பையன் ஆண்டி வளர்ந்து கல்லூரிக்குப் போகிற நேரம், பொம்மைகள் எல்லாம் அடுத்து என்ன ஆகுமோ என்று கலங்கி நிற்கின்றன. வழியில் சில நண்பர்களை இழந்திருக்கிறோம் என்று பேச்சு வருகிறது, வீஸி, எட்ச் என்று பெயர்கள் வருகின்றன. அப்போது ரெக்ஸ் தயங்கித் தயங்கி, போ பீப்பும்தானே என்பதுபோல் கேட்கிறான். வுட்டியின் முகம் ஒரு கணம் விழுந்துவிடும். ஆமாம், போவும்தான் என்கிறான். சில நொடிகள்தான். என் கணக்கில் அந்தப் படத்தின் மிகச் சிறந்த இடங்களில் அது ஒன்று. அவள் எங்கே போனாள், யார் எடுத்துப் போனார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் இல்லாதது அவனுக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிட்டது. பார்க்கிற நமக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்பது வருடம் கழித்து 2019-இல் நான்காம் பாகம் வந்தபோது, மழை பெய்கிற ஒரு ராத்திரியில் அவளை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற காட்சியோடு தொடங்கினார்கள். அந்தக் காட்சிக்கு அத்தனை கனம் வந்ததே மூன்றாம் பாகத்தில் விழுந்த அந்த முகத்தால்தான்.

அதே பட்டியலில் வந்த வீஸிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விசில் உடைந்து, அலமாரி உச்சியில் தூசி படிந்து கிடக்கும் பெங்குவின் அவன். யோசித்துப் பார்த்தால் இரண்டாம் பாகத்தின் (1999) கதை முழுக்க அவனால்தான் நடக்கிறது. பழைய சாமான் விற்பனைக்கு வெளியே போய்விட்ட அவனைக் காப்பாற்றப் போய்த்தான் வுட்டி திருடனிடம் சிக்குகிறான். அவன் வெளியே போகாவிட்டால் படமே இல்லை. அந்த வீஸி மூன்றாம் பாகத்தில் வெறும் பெயராகிவிடுகிறான். இதில் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான். அவனுக்குப் பேசிக் குரல் கொடுத்த ஜோ ரான்ஃப்ட், இந்தப் படங்களை எடுத்த பிக்ஸார் கம்பெனியின் முக்கியமான கதையாளர்களில் ஒருவர், 2005-இல் கார் விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருடம் வந்த கார்ஸ் படத்தை அவர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்கள். அதனால்தான் வீஸியை விட்டார்களா என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெயரைப் படத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் ஞாபகமும் சேர்ந்து வருகிறது.

ஃபைண்டிங் நீமோ மீன்தொட்டிக் கூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பல் மருத்துவரின் தொட்டியிலிருந்து கில், ப்ளோட், பீச் எல்லோரும் பிளாஸ்டிக் பைக்குள் அடைந்தபடி சிட்னி துறைமுகத் தண்ணீரில் வந்து விழுந்து, "இப்ப என்ன?" என்று முழிப்பதோடு 2003-இல் விட்டுவிட்டார்கள். 13 வருடம் கழித்து ஃபைண்டிங் டோரியில் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, அதே மீன்கள், அதே பைகள், பாசி படிந்து, பசிபிக் கடலையே தாண்டிக் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்கின்றன. தியேட்டரில் பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள், நான் கதவுப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தர் அந்தப் பைகளை மறக்காமல் இருந்திருக்கிறார் இல்லையா, அதற்காகத்தான்.

சரி, ஏன் மறக்கிறார்கள்? அனிமேஷனில் ஒரு பாத்திரம் சும்மா மூலையில் நிற்பதற்கும் காசு வேண்டும், ஆள் வேண்டும். உடம்பைச் செய்து, அது அசைகிற மாதிரி உள்ளே எலும்பு வைத்து, முடிக்கும் துணிக்கும் தனியாக வேலை பார்த்து, அப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் அசைக்க வேண்டும். கதையையும் படமாக வரைந்து, கோத்து, போட்டுப் பார்த்து, பிரித்து, திரும்பத் திரும்பக் கட்டுவார்கள். அந்தப் பிரிப்பில் முதலில் விழுவது துணைப் பாத்திரம்தான். இது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் விசாரிக்கிற ஒரு வசனத்துக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. ஏற்கெனவே திரையில் நிற்கிற ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும். மிராஜ் விஷயத்தில் எனக்கு ஆறாததும் இதனால்தான். நமக்கு 2004-க்கும் 2018-க்கும் நடுவே 14 வருடம், கதைக்குள் ஒரு நாள்கூட இல்லை, முதல் பாகம் முடிந்த இடத்திலேயே இரண்டாம் பாகம் தொடங்குகிறது. நேற்று மாதிரி நடந்த விஷயம். சாப்பாட்டு மேசையில் அந்தக் குடும்பம் எவ்வளவு பேசுகிறது! அதில் பாபின் மனைவி ஹெலன், அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

சுரங்கம் தோண்டி வருகிற அண்டர்மைனரையும் பலர் சொல்வார்கள். பேங்க்கைக் கொள்ளையடித்துவிட்டுத் தப்பிப் போகிறவன், இரண்டாம் பாகம் முடியும்வரை அவனைப் பிடிக்கவே இல்லை. எனக்கு அதில் பெரிய குறை இல்லை. திருடன் தப்பித்தான், அவ்வளவுதான். மூன்றாம் பாகம் எடுக்கப்போவதாக 2024-இல் அறிவித்துவிட்டார்கள், வந்தால் வரட்டும்.

லயன் கிங் கதை கொஞ்சம் விசித்திரமானது. 1994 படத்தின் கடைசியில் பாறை மேல் ரஃபிக்கி ஒரு குட்டியைத் தூக்கிக் காட்டுவார். அதே வருடம் வந்த குழந்தைகள் புத்தக வரிசையில் சிம்பாவின் மகன் பெயர் கோபா. 1998-இல் வீடியோவாக வந்த இரண்டாம் பாகத்தில் பாறை மேல் தூக்கிக் காட்டப்படுவது கியாரா என்கிற மகள். கோபாவைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. ரசிகர்களால் அந்த வெற்றிடத்தைத் தாங்க முடியவில்லை, அவனை இரண்டாம் பாகத்து வில்லி ஸீராதான் கொன்றிருப்பாள், அதனால்தான் சிம்பா மகளை அப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறான் என்று தாங்களாகவே ஒரு கதை கட்டி, இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதை வெட்டி வேலை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பெயர் வைத்த ஒரு குழந்தை காணாமல் போனால் யாராவது அழ வேண்டும் என்று தோன்றியதால் வந்த கதை அது. ஆனால் எனக்குக் கோபாவைவிட சிம்பாவின் அம்மா சராபிதான் உறுத்தல். புருஷனை இழந்து, மகனையும் இழந்ததாக நம்பி, ஸ்காருக்கு எதிரே தலை நிமிர்ந்து நின்றவள். இரண்டாம் பாகத்தில் பேத்தி பிறந்திருக்கிறாள், பாட்டி எங்கே? செத்துப்போனாள் என்றாவது சொல்லுங்கள். சிம்பா தன் அப்பாவை வானத்தில் தேடுகிறான், அம்மாவைத் தரையில்கூடத் தேடவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது டைக்ரஸ் என்கிற பெண் புலி. குங்ஃபூ பாண்டா நான்காம் பாகம் (2024) பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவளும் சேர்ந்த வீரர் கூட்டம் ஐந்து பேரும் ஆளுக்கொரு வேலையாக வெளியே போயிருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டு, கடைசியில் பெயர்கள் ஓடும்போது கொஞ்சம் தலைகாட்ட வைத்தார்கள். மூன்றாம் பாகத்துக்கு 145 மில்லியன் டாலர், நான்காவதற்கு 85 மில்லியன், அதனால் ஆள் குறைந்தது என்றால்கூட ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை என்ன என்று பாருங்கள். கதாநாயகப் பாண்டா போ தனக்கு அடுத்த டிராகன் வாரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பாகத்தில் டிராகன் வாரியர் யார் என்று காட்ட மூத்த குரு ஊக்வே விரல் நீட்டியபோது அந்த விரலுக்கு நேரே நின்றவள் டைக்ரஸ், போ வானத்திலிருந்து வந்து விழாவிட்டால் அந்த இடம் அவளுடையது. வாழ்நாள் முழுக்க அதற்காகவே கை மரத்துப்போகிற அளவுக்குப் பயிற்சி எடுத்தவள். இரண்டாம் பாகத்தில் பீரங்கிக்கு முன்னால் பாய்ந்து போவைத் தள்ளிவிட்டு அடியைத் தான் வாங்கிக்கொண்டவள். அப்படிப்பட்டவளிடம், இந்தப் பொறுப்பு உனக்கு வேண்டுமா என்று போ ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவள் வேண்டாம் என்றே சொல்லட்டும். போ நல்லவன், அவன் கேட்டிருப்பான். நாம் மூன்று படமாகப் பார்த்துப் பழகிய போ நிச்சயம் கேட்டிருப்பான். அவளை மறந்ததோடு சேர்த்து அவனையும் யாரோ மாதிரி ஆக்கிவிட்டார்கள், எனக்கு வலிப்பது அதுதான்.

பதில் சொல்லாமல் விட்டும் குறையில்லாத படங்கள் இருக்கின்றன. மான்ஸ்டர்ஸ் இன்க்கில் (2001) பூ என்கிற அந்தக் குழந்தை. தூள் தூளான அவள் அறைக் கதவை மைக் என்கிற பூதம் சில்லு சில்லாக ஒட்டிச் சேர்க்கிறான், ஒரே ஒரு துண்டு குறைகிறது, அது அவன் நண்பன் சல்லியின் கையில் இருக்கிறது. அதை வைத்ததும் விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது, உள்ளே இருந்து அவள் குரல் மட்டும் கேட்கிறது, சல்லியின் முகம் மலர்கிறது, படம் முடிந்தது. அவள் வளர்ந்தாளா, இவனை ஞாபகம் வைத்திருந்தாளா, தெரியாது. ஒரு மரத்துண்டைப் பத்திரமாக வைத்திருந்தானே, அதிலேயே எல்லாம் வந்துவிட்டது. ஜப்பான் இயக்குநர் மியாசாகியின் டோட்டோரோவில் (1988) அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாளா என்பதைக் கதையில் சொல்லவே மாட்டார்கள், பெயர்கள் ஓடும்போது வரும் படங்களில் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள். போதும்.

ஆனால் அதே மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவேயில் (2001) லின் இருக்கிறாள். எல்லோரும் ஹாக்கு என்கிற பையனும் சிஹிரோ என்கிற சிறுமியும் மறுபடி சந்தித்தார்களா என்றுதான் கேட்பார்கள். எனக்கு லின். குளியல் மாளிகையில் சிஹிரோவுக்கு வேலை கற்றுக்கொடுத்து, சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்பவள். ஒரு ராத்திரி இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, மழையில் கடலாகிக் கிடக்கும் வெளியைப் பார்த்தபடி, இந்த இடத்தை விட்டு ஒரு நாள் அந்த ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்வாள். தூரத்தில் ரயில் போகும். அப்புறம் மாளிகையில் கொதிகலன் பார்க்கும் கமாஜி, சிஹிரோவின் பயணத்துக்காகப் பழைய ரயில் டிக்கெட்டுகளைத் தேடி எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவள் லின். எங்கே கிடைத்தது இது என்று அவள்தான் ஆச்சரியப்படுவாள். 40 வருடத்துக்கு முந்தைய மிச்சம் என்பார் அவர். எத்தனையோ தடவை பார்த்த படம், அந்தக் கேள்வி எந்த மனசிலிருந்து வருகிறது என்று போன வருடம்தான் எனக்கு உறைத்தது. மரத்தொட்டியைத் துடுப்புப் போட்டு, சிஹிரோவைத் தண்டவாளம்வரை கொண்டுபோய் விடுவதும் லின்தான். நீ மந்தம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று பின்னாலிருந்து கத்திவிட்டு, தொட்டியைத் திருப்பிக்கொண்டு மாளிகைக்கே போய்விடுவாள். கடைசியில் சிஹிரோ எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொல்லிவிட்டு ஓடுகிறாள்.

அந்த ரயில் இப்போது போகிற வழி மட்டும்தான், திரும்பி வராது என்று கமாஜி சொல்வார். லின்னுக்கு அது போதும். அவளுக்கும் ஒரு டிக்கெட் இருந்ததா, கமாஜி கிழவர் அந்தப் பெட்டியை இன்னொரு தடவை துழாவிப் பார்த்தாரா?