மொத்த மார்க்கைப் பார்த்து குரூப் கொடுக்கிறார்களே, அதைப் பற்றி

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500-க்கு 450-க்கு மேல் என்றால் பிளஸ் ஒன்னில் பயோ மேத்ஸ் குரூப் (கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்). 400-க்கு மேல் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் (உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல்). அதற்குக் கீழே காமர்ஸ். இன்னும் கீழே போனால் "வொக்கேஷனல் இருக்கு, வேணும்னா சேருங்க." பள்ளிக்குப் பள்ளி இந்த எண்கள் முன்னே பின்னே இருக்கும், கதை ஒன்றுதான். அட்மிஷன் மேசையில் இருப்பவர் மார்க் ஷீட்டை வாங்குகிறார், கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்க்கிறார், விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் ஏதோ கிறுக்குகிறார். அவ்வளவுதான், முடிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறது. "உனக்கு என்னம்மா படிக்கணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் வலிக்குமா?

அந்த 500-க்குள் என்ன இருக்கிறது என்றாவது பாருங்களேன். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து 300. கணிதமும் அறிவியலும் சேர்ந்து வெறும் 200. கணிதத்தில் 96 எடுத்த பையன் தமிழிலும் சமூக அறிவியலிலும் கோட்டை விட்டதால் 400-ஐத் தொடவில்லை. அவனைக் காமர்ஸுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கணிதத்தில் தட்டுத் தடுமாறி 72 வாங்கிய பெண் மற்றதிலெல்லாம் தொண்ணூறைத் தாண்டியதால் மொத்தம் 450 வந்துவிட்டது. அவளைப் பயோ மேத்ஸில் உட்கார வைக்கிறார்கள். காலாண்டுத் தேர்வில் இரண்டு பேர் நிலவரமும் தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும்.

இதைவிடக் கொடுமை, பல தனியார் பள்ளிகள் மொத்த மார்க் வரும்வரைகூடக் காத்திருப்பதில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு "சீட் கம்மியாத்தான் இருக்கு, இப்பவே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வே எழுதாத பிள்ளைக்கு பிளஸ் ஒன் சீட்! பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்ட பெற்றோர், மே மாதம் ரிசல்ட் வந்து மனசு மாறினாலும் கட்டிய பணத்தை நினைத்தே அந்தக் குரூப்பில் பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்கள்.

குரூப் எடுக்க வேண்டிய வழி இதற்கு நேர் தலைகீழ். பிளஸ் டூவுக்குப் பிறகு பிள்ளை போக நினைக்கும் படிப்புகள் மூன்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்த வருஷத்துக் கலந்தாய்வுக் கையேட்டை இறக்கி இரண்டே விஷயம் பாருங்கள்: எந்தெந்தப் பாடம் கட்டாயம் படித்திருக்க வேண்டும், எந்தெந்தப் பாடத்தின் மார்க்கைக் கட் ஆஃபுக்கு, அதாவது இடம் ஒதுக்கப் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு, எடுக்கிறார்கள். மூன்றுக்கும் ஒத்துவரும் குரூப் எதுவோ அதுதான் உங்கள் குரூப். ஒரு சாயங்கால வேலை. இதைச் செய்யாமல் பெரியப்பா சொன்னார், டியூஷன் சார் சொன்னார், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று எடுக்கிறார்கள்.

பொறியியலையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழ், ஆங்கிலம், ஆறாவது பாடம் எதுவும் கணக்கில் கிடையாது. ஒரு மாணவி: தமிழ் 95, ஆங்கிலம் 93, கணிதம் 88, இயற்பியல் 90, வேதியியல் 92, கணினி அறிவியல் 99. மொத்தம் 557. வீட்டில் கேக் வெட்டுவார்கள். கட் ஆஃப் எவ்வளவு? 88, 45, 46, கூட்டினால் 179. இன்னொரு மாணவன்: தமிழ் 82, ஆங்கிலம் 80, கணிதம் 99, இயற்பியல் 92, வேதியியல் 92, உயிரியல் 90. மொத்தம் 535. "ஏன்டா இவ்வளவு குறைஞ்சு போச்சு?" என்று திட்டு விழும். அவன் கட் ஆஃப் 99, 46, 46, ஆக 191. கலந்தாய்வில் அவன் எங்கே, அந்தப் பெண் எங்கே!

அந்தக் கணக்கில் கணினி அறிவியலின் 99 எங்கே போனது பார்த்தீர்களா? "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும்னா பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்கணும்" என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். கட்டாயமே இல்லை. பயோ மேத்ஸ் படித்தவரும் தாராளமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சேரலாம். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்று கொஞ்சம் முன்கூட்டியே கை பழகும், அது நல்லதுதான். சீட் வாங்கித் தராது. உயிரியல் மேல் கொஞ்சம்கூட ஆசை இல்லாத பிள்ளை கம்ப்யூட்டர் குரூப் எடுப்பதில் தப்பே இல்லை. அங்கே சுமையும் குறைவு. ஆனால் எந்தக் கதவு சாத்துகிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும். உயிரியல் இல்லையென்றால் நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் எல்லாம் போச்சு. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கில் உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று எடுக்கிறார்கள். இது தெரியாமலேயே "நீட் எழுதப் போறதில்ல, அப்புறம் எதுக்கு பயாலஜி" என்று விட்டவர்கள் எத்தனை பேர்! பி.ஃபார்ம் மட்டும் தப்பித்தது. இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ உயிரியலோ ஒன்று இருந்தால் போதும்.

கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் பக்கம் நடக்கும் கூத்து தனி. தாவரவியல், விலங்கியல் என்று ஆசையாக எடுத்துவிட்டு, "பி.டெக் பயோடெக்னாலஜி சேரப்போறேன்" என்று வருகிறார்கள். பெயரில் பயோ இருக்கிறதே தவிர அது பொறியியல் கலந்தாய்வுப் படிப்பு. கணிதம் படிக்காதவருக்கு அங்கே கட் ஆஃபே போட முடியாது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கும் அப்படித்தான். இதைப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு கண்டுபிடிக்கிறார்கள். பாதுகாப்புப் படை ஆசை இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். என்.டி.ஏ.வில் (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் சரி. கடற்படை, விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும்.

காமர்ஸை மார்க் வராதவர்களைக் கொட்டும் இடமாக்கி வைத்திருப்பதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வின் முதல் தேர்வு ஃபவுண்டேஷன், அதற்கு எந்தக் குரூப் படித்தவரும் பிளஸ் டூ முடித்து வரலாம். நான்கு தாள், தாளுக்கு 100. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். மூன்றாம் தாள் வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல். அதில் தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். பள்ளியில் வணிகக் கணிதம் உள்ள காமர்ஸ் குரூப் இருந்தும் "உனக்குத்தான் கணக்கு வராதே" என்று கணிதமே இல்லாத காமர்ஸில் சேர்த்துவிட்டு, ரெண்டு வருஷம் கழித்து "சி.ஏ. பண்ணு" என்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஹானர்ஸ் படிக்கக்கூடப் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும்.

சரி, குரூப்பைச் சரியாகவே எடுத்தாயிற்று. அடுத்த அநியாயம் வகுப்பறைக்குள். பிளஸ் ஒன் பாடத்தை ஏறக் கட்டிவிட்டு முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஓட்டும் பள்ளிகள். இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, மொத்த மார்க்கும் 1200-இலிருந்து 600 ஆனது. இப்போது மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது, அதில் சந்தோஷம்தான். ஆனால் சில பள்ளிகளுக்கும் பழைய ஆட்டத்தை ஆட வழி திறந்துவிட்டது.

பாதிப்பு எங்கே என்று பாடப்புத்தகத்தை விரித்தாலே தெரியும். வகையிடல், எல்லைகள், தொகையிடல் மூன்றும் பிளஸ் ஒன் கணிதத்தில் அடிப்படையிலிருந்து வருகின்றன. பிளஸ் டூ கணிதத்தில் வருவது அவற்றின் பயன்பாடுகள். வெக்டரும் அப்படியே, அணியும் அப்படியே. பிளஸ் ஒன்னைத் தாவியவன் தொகையிடலின் பயன்பாடுகளில் பரப்பு கண்டுபிடிக்க உட்காரும்போது தொகையிடவே தெரியாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்வான். இயற்பியலில் விசையியல், வெப்ப இயக்கவியல், அலைகள் எல்லாம் பிளஸ் ஒன்னோடு சரி, பிளஸ் டூவில் மறுபடி எடுக்கவே மாட்டார்கள். வேதியியலில் மோல் கணக்கு பிளஸ் ஒன் முதல் பாடம். அது ஆடினால் எல்லாம் ஆடும். நீட், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுகள் இரண்டும் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. பிளஸ் ஒன்னை விட்டுவிட்டு அதே பள்ளி "இன்டக்ரேட்டட் கோச்சிங்" என்று தனியாகக் காசு வாங்குவதை என்னவென்று சொல்ல?

கண்டுபிடிப்பது எளிது. பள்ளி திறந்த முதல் ரெண்டு மாதம் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பிளஸ் ஒன் கணிதத்தில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். நோட்டில் அதற்குப் பதில் பிளஸ் டூவின் முதல் பாடமான அணிகளின் பயன்பாடு இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளையை "கோச்சிங் நல்லா இருக்கு" என்று பிளஸ் ஒன்னில் தனியாருக்கு மாற்றுகிறார்கள். என்ன இழக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது நிபந்தனை. அரசு உதவி பெறும் பள்ளிகூட இதில் சேராது. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரியில் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய். பிளஸ் ஒன்னில் ஒரு டி.சி. வாங்கித் தனியாருக்குப் போனால் 7.5 சதவீதம் கைவிட்டுப் போய்விடும், மாத உதவியும் சிக்கலாகும். அதேபோல் தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளையைக் கௌரவத்துக்காக ஆங்கில வழிக்கு மாற்றினால், அரசு வேலையில் தமிழ் வழிக்கான 20 சதவீத முன்னுரிமை கை நழுவும். எந்தத் தனியார் பள்ளியின் நோட்டீஸிலும் இது இருக்காது. ஏன் இருக்கப்போகிறது?

சின்ன ஊர்களில் இன்னொரு துயரம்: அரசு மேல்நிலைப் பள்ளியில் இரண்டே குரூப்தான் இருக்கும், முதுகலை ஆசிரியர் பணியிடம் அவ்வளவுதான். அந்த இரண்டில் ஒன்றும் பிடிக்காத பிள்ளை பஸ் ஏறி அடுத்த ஊர் அரசுப் பள்ளிக்குப் போகலாம், அதுவும் அரசுப் பள்ளிதான், ஒதுக்கீடு போகாது. பாலிடெக்னிக்கையும் யாரும் பேச்சில் எடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருஷ டிப்ளமா, பிறகு பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. கையில் வேலை பழகும் பையனைப் பிளஸ் ஒன் இயற்பியலில் போட்டு அரைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே தப்பான குரூப்பில் சேர்ந்தாயிற்றா? ஜூன், ஜூலைக்குள் பேசுங்கள். நாள் தள்ளிப்போனால் மாற்றுவது கஷ்டம். பிளஸ் டூவுக்கு வந்து மாற்ற நினைத்தால் மறுபடி பிளஸ் ஒன்னிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலாண்டுத் தேர்வுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று பள்ளி சொன்னால் நம்பாதீர்கள். முதல் யூனிட் டெஸ்ட் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, பெற்றோர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோடு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். "எங்க ஸ்கூல்ல குரூப் மாத்துற பழக்கம் இல்ல" என்பார்கள். அதையே எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்போது குரல் எப்படி இறங்குகிறதென்று பாருங்கள்.